நான்காம் தொட்டியில் இருப்பவர்

“நாலாவது தொட்டியில வளர்றது யாரோட செல்லு? பேரு வேணும் சார்.”

அம்சவேணி இதை உட்காராமலே கேட்டாள். நித்திலா பயோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கை கழுவுவது எப்படி என்று காட்டுவதற்கு முன்பாகவே அவளுக்குச் சொல்லிவைத்த விஷயம் ஒன்று உண்டு. தொட்டியில் இருப்பது யார் என்று மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது. தொட்டிக்கு எண் உண்டு, தேதி உண்டு, வெப்பநிலை உண்டு. ஆள் கிடையாது. கேட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் அது யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஆய்வகத்தின் தலைவர் டாக்டர் கோகுல்நாத் காபியில் படிந்த பாலாடையை விரலால் எடுத்து டிஷ்யூவில் துடைத்தார்.

“காலங்காத்தால என்னம்மா இது? உக்காரு.”

“பேரு சார்.”

“உக்காருன்னேன்.”

உட்கார்ந்தாள். நாற்காலியோடு அவளுக்குப் பகை எதுவும் இல்லை.

பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வரிசையாக மூடப்பட்ட பிறகு, அந்தக் கட்டிடங்களில் ஒன்றுக்கு வெள்ளையடித்துக் குடிவந்த கம்பெனி நித்திலா பயோ. தோல் ஊறிய இடத்தில் இப்போது செல் ஊறியது. பன்னிரண்டு எவர்சில்வர் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் எப்போதோ ஒரு மனித உடம்பிலிருந்து எடுத்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்படி பழக்கிய செல்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை அவற்றுக்குச் சாப்பாடு ஊற்ற வேண்டும். பொங்கலோ தேர்தலோ, யாராவது ஒருவர் வந்தாக வேண்டும். பெரும்பாலும் அம்சவேணிதான் வந்தாள். புதிதாகச் சேர்ந்தவள், கல்யாணம் ஆகாதவள், வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று மூன்று காரணங்கள் வைத்திருந்தார்கள். மூன்றாவது மட்டும் தவறு.

நான்காம் தொட்டிக்குத் தனி மரியாதை. அதில் இருந்த செல்லின் லைசோசோம்கள் எதைக் கொடுத்தாலும் கரைத்துவிடும். லைசோசோம் என்பது செல்லுக்குள் குப்பையைச் செரித்து வெளியேற்றுகிற சின்னப் பை. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது வேலை செய்யாது. செல்லுக்குள் குப்பை சேர்ந்து, ஈரல் வீங்கி, எலும்பு வளைந்து, எட்டு வயதில் நடை நின்றுபோகும். நான்காம் தொட்டியின் சாற்றை மாதம் ஒருமுறை ஊசியாகப் போட்டால் அந்தக் குழந்தைகள் நடந்தார்கள். நாடு முழுக்க ஆறாயிரம் குழந்தைகள்.

அம்சவேணிக்குச் செல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒன்பதாம் வகுப்பின் ஐந்து மதிப்பெண் கேள்விதான். ‘செல்லை ஒரு தொழிற்சாலையுடன் ஒப்பிடுக.’ தொழிற்சாலை அவளுக்குத் தெரிந்த சமாச்சாரம். ஊரே அங்கேதான் வேலை பார்த்தது. கேட் செக்யூரிட்டி, செல் சவ்வு; யாரை விடலாம், யாரை விடக் கூடாது என்று பார்க்கிறவர். மேனேஜர், உட்கரு, எல்லாத் திட்டமும் அவர் அறையில் பூட்டியிருக்கும். ஜெனரேட்டர், மைட்டோகாண்ட்ரியா. சரக்கு செய்கிற தொழிலாளி, ரைபோசோம். பேக்கிங் செக்‌ஷன், கோல்கை உறுப்பு. குப்பை அள்ளும் ஆள், லைசோசோம். நாலரை மதிப்பெண் வந்தது. கடைசி வரியில் ‘ஆள்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘தற்கொலைப் பை’ என்று எழுதியிருந்தார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பை உடைந்தால் தான் இருக்கும் செல்லையே தின்றுவிடுமாம்.

அரை மதிப்பெண் போன கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

“வெள்ளிக்கிழமை டெஸ்ட் ரிசல்ட் பாத்தேன்,” என்றார் கோகுல்நாத். “தொட்டியில கலப்பு இருக்குன்னு சிவப்பு விளக்கு எரியுது. கணினி பூட்டிடுச்சு. இதுல பயப்பட ஒண்ணும் இல்ல. எல்லாருக்கும் நடக்கறதுதான்.”

“நான் பயப்படல சார்.”

“ஒப்பீட்டுக்கு என்ன சாம்பிள் வெச்ச?”

“என் கன்னத்தச் சுரண்டி வெச்சேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். தொட்டியில் வேறு யாருடைய செல்லும் கலந்துவிடவில்லை என்று மாதா மாதம் சோதிப்பது வழக்கம். சோதனைக் கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, பக்கத்தில் தெரிந்த மனிதச் செல் ஒன்றையும் வைக்க வேண்டும். அது வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் வரும். சித்திரையோடு தீர்ந்துபோனது. வாங்கித் தரச் சொல்லி நான்கு கடிதம் போட்டாகிவிட்டது. அதனால் சோதிக்கிறவர்கள் பஞ்சுக்குச்சியால் தங்கள் கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி வைத்துவிடுவார்கள். எல்லோரும் செய்கிறார்கள். யாரும் எழுதி வைப்பதில்லை.

அம்சவேணியின் கன்னத்துச் செல்லிலிருந்த மைட்டோகாண்ட்ரியாவும் நான்காம் தொட்டியின் மைட்டோகாண்ட்ரியாவும் ஒன்று என்றது கருவி. கணினிக்கு அதிலிருந்து ஒரே ஒரு முடிவுக்குத்தான் வரத் தெரியும்: சோதித்தவள் தொட்டிக்குள் தன் செல்லைச் சிந்திவிட்டாள்.

கோகுல்நாத் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “‘என் கவனக்குறைவால் சாம்பிள் மாறிவிட்டது.’ கீழ ஒரு கையெழுத்து. பூட்டு திறந்துடும். உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தரணும், தருவேன். அத நானே கிழிச்சும் போட்டுடறேன்.”

“மாறல சார். மூணு தடவ ஓட்டிப் பாத்தேன். என் செல்லு விழுந்திருந்தா உட்கருவும் என்னோடதா இருக்கணுமில்ல? உட்கரு வேற. மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான் ஒண்ணு.”

காபி டம்ளர் பாதி வழியில் நின்றது.

“மைட்டோகாண்ட்ரியா அம்மா வழியா மட்டும்தான் வரும்,” என்றாள் அம்சவேணி. “அதுக்குன்னு தனி டிஎன்ஏ இருக்கு, அப்பாவுக்கு அதுல பங்கு கெடயாது. இண்டர்வியூவில நீங்கதான் இந்தக் கேள்வியக் கேட்டீங்க.”

“ஞாபகம் இருக்கு. சரியாச் சொன்ன.”

“இப்பவும் சரியாத்தான் சொல்றேன்.”

“ஒரே மைட்டோகாண்ட்ரியா உங்க ஊர்ல நூறு பேருக்கு இருக்கலாம்மா. ஏதோ ஏழு தலைமுறைக்கு முன்னாடி ஒரே பாட்டி.”

“இருக்கலாம். அதனாலதான் உட்கருவையும் வெச்சுப் பாத்தேன். கால்வாசி ஒத்துப்போகுது. பொம்பள செல்லு. அம்மான்னா பாதி ஒத்துப்போகணும். கால்வாசின்னா அம்மாவோட கூடப் பொறந்தவங்க. எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி.”

கோகுல்நாத் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவர் கெட்டவர் அல்ல. தீபாவளிக்கு எல்லோருக்கும் சொந்தக் கையால் இனிப்புப் பெட்டி கொடுப்பவர். கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

“செல்லு குடுத்தவங்களோட சொந்தக்காரங்களை வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆள் எடுக்கற பிரமீளா மேடம் மூணு ரவுண்டு சரிபார்த்தாங்களே.”

“பாத்தாங்க. எங்கப்பா பேரு, அவரோட அப்பா பேரு, பெரியப்பா, சித்தப்பா, பங்காளி, சொந்த ஊரு, இனிஷியலு, எல்லாம் கேட்டாங்க. அம்மா பேருக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. அம்மாவோட தங்கச்சிக்குக் கட்டமே இல்ல. உங்க பதிவேட்டுல அவங்க பேருக்குப் பக்கத்துல அவங்க புருஷன் பேரு இருக்கும். அந்த ஆளுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது. எப்படித் தேடினாலும் கெடச்சிருக்காது.”

ஆண்கள் வழியாகவே தேடியிருக்கிறார்கள். செல் அந்த வழியாக வரவில்லை.

அவள் பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். அம்மாவின் தங்கச்சிக்கு எப்போதோ ஒரு முகாமில் கொடுத்தது; தினமும் மதியச் சோறு கொண்டுவருகிற டப்பா. மூடியின்மேல் புள்ளிப்புள்ளியாக வெட்டிய எழுத்து: ‘இலவச ரத்தப் பரிசோதனை முகாம். நித்திலா பயோ அன்பளிப்பு. 14-3-2041.’

“நாலாவது தொட்டியோட லேபிள்ள இருக்கற தேதி என்ன சார்?”

தேதி இருவருக்கும் மனப்பாடம்.

“ஒன்றரை வருஷமா இந்த டப்பாவில சோறு தின்னுட்டு, அந்தத் தொட்டிக்கு நான்தான் சாப்பாடு ஊத்தறேன். மூடியில இருக்கறத ஒரு தடவ படிச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

கோகுல்நாத் கணினியை அவள் பக்கம் திருப்பினார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதுபோல அல்ல. பிரச்சினை தன் கையில் இல்லை என்று காட்டுவதுபோல.

“சரி. இருக்கட்டும். ஆனா இதப் பாரு. கொடையாளி காலமாயிட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே.”

“அதான் சார். அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்.”

அம்மாவின் தங்கச்சி பச்சையம்மாள் இறந்துபோன செய்தி பச்சையம்மாளுக்கு ரேஷன் கடையில்தான் தெரிந்தது. கைரேகை வைத்ததும் எந்திரம் மறுத்தது. கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, “உங்க பேருக்கு நேரா இறந்துட்டாங்கன்னு வருதும்மா,” என்றார், ஆழ்ந்த வருத்தத்தோடு. அம்சவேணியும் அவளும் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டுமானால் அடையாள அட்டையோடு விண்ணப்பிக்கச் சொன்னார். அடையாள அட்டை, ஆள் இறந்ததால் ரத்தாகியிருந்தது. அதைத் திரும்பப் பெற, உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டும். தாலுகா ஆபீஸ் எழுத்தர் மட்டும் கொஞ்சம் இரக்கப்பட்டு, இறப்புச் சான்று வேண்டுமானால் உடனே தரமுடியும் என்றார்.

அதற்குள் வலது கண் முழுக்கப் புரை மூடிவிட்டது. இடது கண்ணிலும் பாதி. அரசு மருத்துவமனையில் டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஆறு மாதத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும், விட்டால் உள்ளே நரம்பு கெட்டுவிடும் என்றார். காப்பீட்டுக் கவுன்ட்டரில் இருந்த பெண் பதிவைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இறந்தவங்களுக்கு ஆபரேஷன் பண்ணா எங்களுக்குக் கேஸ் ஆயிடும்மா,” என்றாள். அது நடந்து நாலரை மாதம் ஆகிறது. இதையெல்லாம் அம்சவேணி கோகுல்நாத்திடம் சொன்னாள்.

அம்மா போனபிறகு எட்டாம் வகுப்பிலிருந்து அம்சவேணியைப் படிக்கவைத்தது பச்சையம்மாள். தோல் தொழிற்சாலையில் குரோமிய டிரம்முக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை. இருபத்திரண்டு வருஷம். கூட இறங்கிய பெண்கள் ஒவ்வொருவராக நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். பச்சையம்மாளுக்குத் தும்மல்கூட வரவில்லை. முகாம் போட்டவர்களுக்கு அந்த ஆச்சரியம்தான் வேண்டியிருந்தது.

“யாரு சார் சாகடிச்சது?” என்றாள் அம்சவேணி.

“அப்படியெல்லாம் பேசாதே.”

“வேற எப்படிப் பேசறது? நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க.”

கோகுல்நாத் கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டு வருஷம் முன்ன புதுச் சட்டம் வந்துச்சு. உயிரோட இருக்கற கொடையாளி வருஷா வருஷம் சம்மதக் கையெழுத்துப் போடணும். ஒரு வருஷம் தவறினாலும் தொட்டிய நிறுத்திடணும். இறந்தவங்களுக்கு அது தேவையில்ல. நம்மகிட்ட இருக்கறது பன்னெண்டு தொட்டி. அதுல பதினோரு பேர் நிஜமாவே போயிட்டாங்க. எல்லாம் பழைய தோல் ஃபேக்டரி ஆளுங்க.”

“பன்னெண்டாவது?”

“இறந்தவங்க பட்டியல அரசாங்கத்துக்கு அனுப்பறப்போ ஒருத்தர மட்டும் தனியாப் பிரிச்சு அனுப்பணும். யாரோ மொத்தமா டிக் பண்ணிட்டாங்க.”

அம்சவேணி கொஞ்ச நேரம் அதை யோசித்துப் பார்த்தாள். திட்டம் போட்டுச் செய்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?”

“ஆறு மாசம் கழிச்சு.”

“தெரிஞ்சதும்?”

“திருத்தினா ஆறு மாசம் சம்மதமில்லாம ஓட்டினதா ஆகும். லைசென்ஸ் போயிடும். ஆறாயிரம் குழந்தைங்கம்மா. நீயே ஊசி போடற நாள்ல வார்டுக்குப் போயிருக்க. அந்தக் கும்பகோணத்துப் பையன் உனக்கு டாட்டா காட்டினானே.”

“காட்டினான். அவனுக்காகத்தான் முதல்ல குளிரறைக்குப் போய் எண்ணிட்டு வந்தேன். ஒரு மாசத்துக்கு மருந்து இருக்கு. தொட்டி பூட்டியிருந்தாலும் செல்லு சாகாது, சாப்பாடு ஊத்தலாம். சாறுதான் எடுக்கக் கூடாது. இன்னிக்கும் ஊத்திட்டுத்தான் மேல வந்தேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, இப்படிச் செய்வோம். உங்க சித்திக்குக் கண் ஆபரேஷன் நல்ல தனியார் ஆஸ்பத்திரியில, இந்த வாரமே. ரெண்டு கண்ணும். உன் வேலை இன்னிக்கே நிரந்தரம். அந்தத் தாள்ல கையெழுத்து மட்டும் போடு. அவங்களுக்கு இதனால என்ன குறைஞ்சுடப் போகுது? பதிவேட்டுல ஒரு வார்த்தை. அவ்வளவுதானே?”

“அவங்ககிட்டயே கேட்டேன் சார். நேத்து.”

ஞாயிற்றுக்கிழமை மதியம், பச்சையம்மாள் அவரைக்காயை விரலால் தடவித்தடவி நார் உரித்துக்கொண்டிருந்தாள். சம்மதக் கையெழுத்துச் சட்டம், கம்பெனி கண் ஆபரேஷன் ஆசை காட்டலாம் என்பது உட்பட, தெரிந்ததையும் ஊகித்ததையும் அம்சவேணி சொல்லி முடித்தாள். பச்சையம்மாள் உரிப்பதை நிறுத்தவில்லை.

“என் செல்லா? அது இன்னாடி பண்ணுது அங்க?”

“குப்பை அள்ளுது சின்னம்மா.”

“அங்கியும் அதே வேலதானா?” பச்சையம்மாள் சிரித்தாள். “பாவம், அதயாவது ஒக்கார வெச்சு சோறு போடக் கூடாதா?”

“போடறோம். மூணு நாளுக்கு ஒருக்கா.”

“பசங்களுக்கு மருந்தாவுதுன்ற. நெசமா?”

“நெசமா. நடக்க முடியாத பசங்க நடக்குதுங்க.”

“அப்போ நல்லதுதானே. கேட்டிருந்தா குடுத்துட்டிருப்பேன். எட்டு கிலோமீட்டரு. ஊட்டு வாசல்லியே பஸ்ஸு நிக்குது. ஒரு ஆளு எறங்கி வந்து, எம்மா, ஒரு கையெழுத்துப் போடுன்னு கேக்கறதுக்கு இன்னா கேடு? அதுக்குச் சாவடிக்கறதா ஒருத்திய?” ஒரு காயை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், தெரியவில்லை, கீழே போட்டாள். “ஏன்டி அம்சா, நான் செத்த அன்னிக்கு லீவு கீவு உட்டானுங்களா?”

“பொங்கலுக்கே உடல சின்னம்மா.”

“நாசமாப் போவ,” என்று சொல்லிவிட்டு, பச்சையம்மாள் நாரையெல்லாம் கூட்டி முறத்தில் அள்ளினாள். பிறகு, “என் கண்ண அவன் காட்டற எடத்துல திருட்டுத்தனமா தெறக்க வாணாம். என் பேருலியே தெறக்கட்டும்,” என்றாள்.

கோகுல்நாத் இதைக் கேட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலில் நிஜமான அக்கறை இருந்தது. “உன் குடும்பத்துல முதல் பட்டதாரி நீ. இந்தத் துறையே சின்னது. நாளைக்கு உனக்கு வேலை யாரு தருவா? உன் வாழ்க்கைய நீயே அழிச்சுக்காதே. தற்கொலைப் பைன்னு படிச்சிருப்பியே, அந்த மாதிரி ஆயிடாதே.”

“படிச்சேன். அரை மார்க்கு போச்சு.”

தாளை எடுத்தாள். அவர் முகம் தெளிந்தது. அவள் அதை இரண்டாக மடித்து டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

“பூட்டத் திறக்க ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, என் தப்புன்னு நான் கையெழுத்துப் போடறது. இன்னொண்ணு, செல்லு குடுத்தவங்க நேர்ல வந்து புது சாம்பிள் குடுக்கறது. ரெண்டாவதுக்கு ஆள் உயிரோட இருக்கணும். ரெண்டாவதத்தான் எழுதியிருக்கேன். மூணு தடவ ஓட்டின ரிசல்ட், டப்பா போட்டோ, எல்லாம் வெச்சு, சென்னையில செல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அனுப்பிட்டேன்.”

“எப்போ?”

“ஒன்பதரைக்கு.”

மேசைக் கடிகாரத்தில் பத்தேகால்.

“அப்புறம் எதுக்கு இங்க வந்து பேரைக் கேட்ட? உனக்குத்தான் எல்லாம் தெரியுமே?”

“நீங்க ஒரு தடவ வாயால சொல்லணும்னுதான்.”

அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். சுவரில் இருந்த கண்காணிப்புத் திரையில் கேட் தெரிந்தது. செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெண்மணி உட்கார்ந்து, ஒரு கையால் கண்ணுக்கு வெயில் மறைத்துக்கொண்டு, இன்னொரு கையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கோகுல்நாத் அந்தத் திரையையே பார்த்தார்.

“அவங்கதானா?” என்றார்.

“பேரு சார்.”

அவர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

அம்சவேணி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். வழியில் நான்காம் தொட்டியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். முப்பத்தேழு டிகிரி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. உள்ளே இருப்பவருக்குச் சாவு கிடையாது.

கேட்டில் செக்யூரிட்டி ஏகாம்பரம் எழுந்து நின்றார். “உங்க சின்னம்மா ரெண்டு டீ குடிச்சிட்டாங்க பாப்பா. மூணாவது கேக்கறாங்க.”

“சக்கரையே போடல இவரு,” என்றாள் பச்சையம்மாள். “இன்னாடி சொன்னான் அந்த ஆளு?”

“ஒண்ணும் சொல்லல. வா, போலாம்.”

“உள்ள வந்து என் செல்ல ஒரு தபா பாக்கலாம்னு இருந்தேன்.”

“கூப்புடுவாங்க. அவங்களே கூப்புடுவாங்க.”

ஏகாம்பரம் கையை நீட்டினார். “விசிட்டர் பாஸத் திருப்பித் தந்துடுங்கம்மா. பெட்டியில போடணும்.”

பச்சையம்மாளின் புடவைத் தலைப்பில் குத்தியிருந்த அட்டையைக் காலையில் அவர்தான் எந்திரத்தில் அடித்துக் கொடுத்தார். கம்பெனியின் சொந்த எந்திரம். யார் செத்தார்கள் என்று அதற்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் நிறுத்தியது, பெயர் கேட்டது, பெருவிரல் வாங்கியது, அடித்துத் தள்ளிவிட்டது. ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு முகம். பச்சையம்மாள். இன்றைய தேதி, ஒன்பது மணி பத்து நிமிடம். அடியில் பச்சை முத்திரை: ‘நித்திலா பயோ. நேரில் சரிபார்க்கப்பட்டது.’

“பாஸ் எண்ணிக்கை சரியா இருக்கணும் பாப்பா. ஒண்ணு கொறஞ்சா என்னக் கேப்பாங்க.”

“கொறயாதுண்ணா.”

அம்சவேணி தன் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி, பட்டையை ஒழுங்காகச் சுற்றி, பெட்டிக்குள் போட்டாள். தலைப்பில் பாஸ் அப்படியே இருக்க, பச்சையம்மாளின் கையைப் பிடித்துக் கேட்டுக்கு வெளியே இறக்கினாள்.

“பாத்து, படி இருக்கு.”

“தெரியுதுடி,” என்றாள் பச்சையம்மாள்.

எதிரே கண் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் நின்றுகொண்டிருந்தது.